பதினொன்றாம் கட்டிலின் மணல் பைகள்

என் வீட்டுக்கு இரண்டு கதவுகள். வாசல் கதவு ஒன்று, சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்துக்குப் போகும் கதவு ஒன்று. ஹைதராபாத்தில், மல்காஜ்கிரியில் ரயில் பாதையை ஒட்டிய வீடு. ஒவ்வொரு வண்டி போகும்போதும் காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போகும். கதவுகள் அடித்துக்கொள்ளாமல் இருக்க, கதவுக்கொன்றாக இரண்டு மணல் பைகளை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். பச்சைத் துணி, ஒரு முழ நீளம், கைக்குழந்தையின் தொடை அளவுக்குப் பருமன், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். வருகிறவர்கள் அதில் கால் இடறிக்கொண்டு, "இதுக்கு ஒரு செங்கல்லு போதாதாம்மா?" என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டுக் காபி போடப் போய்விடுவேன். இந்த இரண்டு பைகளுக்கும் நடுவில் ஆறு வாரம் ஒரு தலை இருந்தது என்று வந்தவர்களிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

நான் படித்தது குடியாத்தத்தில் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் கலாசி வேலை. அவர் போன பிறகு, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். முதுகெலும்பில் அடிபட்டவர்களுக்கென்றே இருந்த வார்டு அது. இங்கே ஆயாவை ஆயம்மா என்பார்கள். தெலுங்கர், உருது பேசுகிறவர், தமிழர், எல்லோருக்கும் நான் ஆயம்மாதான். எனக்குச் சத்தமாகப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆனால் என் கை நடுங்காது. அதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் வார்டின் பெரிய சிஸ்டர்.

கை நடுங்காதது அங்கே எதற்கு உதவும் என்றால், புரட்டுவதற்கு. அந்த வார்டில் இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். உணர்ச்சி போன உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வந்துவிடும். புரட்டுவதென்றால் சும்மா தள்ளுவதில்லை. நான்கு பேர் வேண்டும். ஒருவர் தலையில், ஒருவர் தோளில், ஒருவர் இடுப்பில், ஒருவர் காலில். ஆளை ஒரு மரக்கட்டை உருள்வதுபோல ஒரே நேரத்தில், ஒரே நேர்கோட்டில் திருப்ப வேண்டும். தலை கொஞ்சம் முந்தினாலும் இடுப்பு கொஞ்சம் பிந்தினாலும் நடுவில் இருக்கும் தண்டுவடம் முறுக்கிக்கொள்ளும். அதனால் எண்ணித்தான் திருப்புவோம். எண்ணுகிற உரிமை தலையைப் பிடித்தவருக்கு. "எதிர்ல டாக்டரே நின்னாலும் சரி, தலை யார் கையில இருக்கோ அவங்க சொல்றப்பதான் திரும்பணும்" என்பார் பெரிய சிஸ்டர். என்னைத் தலைக்குப் போட அவருக்கு ஆசை. என் தொண்டைதான் ஒத்துழைக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு கோடையில் பதினொன்றாம் கட்டிலுக்கு அந்தத் தம்பி வந்தான். தமிழ்ப் பையன். அப்பாவுக்கு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை, வீடு குகட்பள்ளியில். இஞ்சினீயரிங் கடைசி வருஷம். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே முதுகெலும்பு உடைந்து இரண்டு காலும் போயிருந்தன. கழுத்து எலும்பிலும் ஒரு கீறல் விட்டிருந்ததால் தலை ஆடக் கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் பை வைத்திருந்தோம். வார்டில் இருந்த பைகள் பழசு. தையல் விட்டு மணல் அவன் காதுக்குள் கொட்டியது. நான் பதறிப்போய்த் துடைத்தபோது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே, "ஹைதராபாத்ல பீச் இல்லன்னு யாரு சொன்னா ஆயம்மா?" என்றான். கால் போய் நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே கழித்துப்போட்ட பச்சைத் திரைத் துணியை வாங்கிக்கொண்டு வந்து, வீட்டு மெஷினில் இரட்டைத் தையல் போட்டு, ஆற்று மணலைச் சலித்து நிரப்பி, இந்த இரண்டு பைகளையும் தைத்தேன்.

அதே வாரம் பெரிய சிஸ்டருக்குக் காய்ச்சல். தலைக்கு ஆளில்லை. என்னை நிறுத்திவிட்டார்கள். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தோளில் ஒருவர், இடுப்பில் ஒருவர், காலில் ஒருவர், மூன்று பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். எனக்கு வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. வியர்த்துவிட்டது. அப்போது என் கைக்குள் இருந்த தலை பேசியது. "நானே எண்ணிக்கவா ஆயம்மா?" என்று கேட்டுவிட்டு, அவனே தெலுங்கில், "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்றான். திருப்பினோம். தன்னைத் தானே எண்ணித் திருப்பிக்கொண்ட நோயாளியை அந்த வார்டு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நான் தலையைப் பிடிக்கும்போதெல்லாம் அவன்தான் எண்ணினான். கொஞ்ச நாளில் நானும் எண்ணப் பழகினேன், அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அதை அவன் உரக்கச் சொல்லுவான்.

விபத்து எப்படி நடந்தது என்று அவனே சொல்லியிருக்கிறான். கச்சிபௌலிப் பக்கம் அகலமான ரோடு. மத்தியானம். இவன் தனியாக ஒரு பைக்கில். பக்கத்தில் இவனுடைய சிநேகிதன் இன்னொரு பைக்கில், அவனுக்குப் பின்னால் வேறொரு பையன். இரண்டு பைக்கும் தோளோடு தோள் ஒட்டியபடி, பேசிக்கொண்டே போயிருக்கிறார்கள். இந்த ஊரில் தினமும் பார்க்கிற காட்சிதான். வேகம் கூடக்கூடக் காற்றில் பேச்சு கேட்காது, கேட்காததால் கழுத்தைத் திருப்பிக் கத்துவார்கள். இவனும் ஏதோ ஒரு கேலியைக் கத்திச் சொல்லத் திரும்பினான். டிவைடர் ஆரம்பிக்கும் இடம் எதிரே வந்துவிட்டது. ஹெல்மெட் இருந்தது, முழங்கையில். சிக்னலில் போலீஸைப் பார்த்தால் மாட்டிக்கொள்ளலாம் என்று. "முழங்கைக்கு ஒரு கீறல்கூட இல்ல ஆயம்மா. ஹெல்மெட் போட்டிருந்தேன்ல" என்பான்.

அந்தச் சிநேகிதன் தினமும் சாயங்காலம் பார்வை நேரத்துக்கு வந்துவிடுவான். பழைய நகரத்துப் பையன். உருதுதான் பேச்சு. தம்பி வீட்டில் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டு வளர்ந்ததால் அரைகுறையாகத் தமிழும் பேசுவான். வந்ததும் பன்னிரண்டாம் கட்டில் பெரியவரிடம் கதையை ஆரம்பிப்பான். "கூட்டம் சும்மா நின்னு வீடியோ எடுக்குது. ஆம்புலன்ஸ் எப்ப வரும்? கேஸ் ஆயிரும்னு ஒருத்தன் தொடல. நான் நக்கோ, ஆம்புலன்ஸ் வேணாம் சொல்லிட்டேன். தூக்கி நடுவுல உக்கார வெச்சு, பின்னால அவன் புடிச்சிக்கினான். ஹாரன் அடிச்சுக்கினே வந்தேன். பத்தே மினிட்! டாக்டரே கேட்டார், இவ்ளோ சீக்கிரம் எப்டி வந்தீங்கன்னு." கையை ஹேண்டில்பார் மாதிரி வைத்துக்கொண்டு, வளைவுகளில் உடம்பைச் சாய்த்துக் காட்டுவான். பெரியவர், "சபாஷ்" என்பார். பதினொன்றாம் கட்டிலில் இருந்து இவன், "ஆமா ரே, நீ இல்லன்னா நான் இல்ல" என்பான். வாரத்துக்கு ஒரு தரமாவது இது நடக்கும்.

அப்போதெல்லாம் நான் படுக்கை விரிப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொள்வேன். ஏனென்றால் எனக்கு ஒரு விஷயம் தெரியும்.

ஒருநாள் காலை வெந்நீரில் துணி நனைத்து அவன் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது உள்ளங்காலில் ஒரு கொப்புளம் உடைந்து ஆறிக்கொண்டிருந்தது. "இது இன்னாப்பா, சூடு பட்ட மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். அவன் கூரையையே பார்த்தான். பிறகு சொன்னான். விழுந்தபோது ஷூ கழன்று எங்கேயோ போய்விட்டது. வெறும் கால் தார் ரோட்டில் பட்டுக்கொண்டு இருந்தது. மே மாத மத்தியானம். "சுட்டுச்சு ஆயம்மா. காலை இழுத்துக்கணும்போல இருந்துச்சு. கொஞ்சம் இழுத்தேன்னுகூட ஞாபகம்." பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் அவனை மடக்கி உட்காரவைத்தார்கள். முதல் ஸ்பீட் பிரேக்கரில் முதுகில் ஏதோ வெட்டினதுபோல இருந்தது. அதற்குப் பிறகு காலில் சூடும் இல்லை, வலியும் இல்லை.

என் கையில் இருந்த துணி ஆறிப்போயிற்று. டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னானாம். டாக்டர் நிறைய நேரம் யோசித்துவிட்டு, விழுந்த அடியிலேயே உள்ளே வீக்கம் ஏறி, பத்து நிமிஷம் கழித்துக் கால் போவதும் உண்டு, பைக்கில் உட்காரவைத்ததில் நசுங்குவதும் உண்டு, இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது என்றாராம். "யாராலயும் சொல்ல முடியாதுன்னா நாமளும் சொல்ல வேணாம் ஆயம்மா. அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றான். நான் தலையாட்டினேன். பேச வராதவளிடம் ரகசியம் சொல்வது சுலபம்.

இந்தச் சின்ன வயதில், தன் காலைவிடத் தன் சிநேகிதனின் பெருமை உடையக் கூடாது என்று ஒரு பிள்ளை நினைக்கிறானே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் இப்படி ஒருவன் வேண்டும் என்று கேட்டிருப்பேன்.

பல மாதம் இருந்தான். சக்கர நாற்காலியில் ஏறவும் இறங்கவும் கற்றுக்கொண்டான். மூத்திரத்துக்கு டியூப் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டான். முதல் தரம் அதைச் சரியாகச் செய்த அன்று வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தான். "எதுக்குப்பா ஸ்வீட்?" என்று பெரியவர் கேட்டதற்கு, "பாஸாயிட்டேன் தாத்தா" என்றான். பிறகு வீட்டுக்குப் போனான். பரீட்சை எழுதினான். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தான். விபத்து அன்று பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்ட மூன்றாவது பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான். கல்லூரிச் சிநேகிதர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள். இந்தச் சிநேகிதன் மட்டும் போகவில்லை. சொந்தமாக ஒரு கார் வைத்து கச்சிபௌலி கம்பெனிகளுக்கு ஓட்டுகிறான். காலையில் முதல் சவாரி இவன்தான். நாற்காலியை மடக்கி டிக்கியில் வைப்பது, இறக்குவது, படி இருக்கும் இடங்களில் நாற்காலியோடு தூக்குவது, எல்லாம் அவன்தான்.

நான் வேலையிலிருந்து நின்ற வருஷம் ஆஸ்பத்திரியில் தலைக்கு வைக்க ஸ்பாஞ்சுக் கட்டைகள் வந்துவிட்டன. மணல் பைகளைக் குப்பையில் போடப் போனார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கதவுக்கு ஆகும் என்று சொன்னேன்.

போன வருஷம் ஒருநாள் தம்பி போன் செய்தான். கல்லூரிகளில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்குப் பேசப் போகிறானாம். நான்கைந்து இடத்தில் பேசியும் விட்டான். வேகம், ஹெல்மெட், பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசுவது, எல்லாம் சொல்கிறானாம். முழங்கை ஹெல்மெட் கதைக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம், சிரித்து முடித்து அவன் காலைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்களாம். "ஆனா முக்கியமானதச் சொல்லாமலே வர்றேன் ஆயம்மா. விழுந்தவனை எப்படித் தூக்கக் கூடாதுன்னு. அதச் சொல்லணும்னா அவன் பக்கத்துல நிக்கிறான்." பிறகு, "அடுத்துப் போற காலேஜ்ல அதையே செஞ்சு காட்டச் சொல்லிக் கேட்டிருக்காங்க. தலையப் புடிக்க நீங்க வரணும். அந்தப் பச்சைப் பை இருக்கா?" என்றான்.

"கதவுக்கு வெச்சிருக்கேன்" என்றேன்.

"அன்னைக்கு மட்டும் அவன வரவேணாம்னு சொல்லிரவா?" என்று கேட்டான். ஆனால் அதை அவனிடம் சொல்லத் தம்பிக்கு மனம் வரவில்லைபோல. கல்லூரிக்குப் போகிற அன்று காலை என் வீட்டு வாசலில் காரோடு வந்து நின்றது அந்தச் சிநேகிதன்தான். இரண்டு பையையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்து, "ஆயம்மா, கைக்கு இவ்ளோ வெயிட்? பிரியாணி அரிசியா?" என்று கேட்டான். அவன் உருதுவில் கைக்கு என்றால் ஏன் என்று அர்த்தம். சீட்பெல்ட்டைப் போடத் தெரியாமல் நான் தடுமாறியபோது தானே குனிந்து போட்டுவிட்டான். அந்தச் சிரித்த முகத்தை வழி நெடுக என்னால் பார்க்க முடியவில்லை.

பெரிய ஹால். முந்நூறு பிள்ளைகளாவது இருக்கும். மேடை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பேசினான். பிறகு கேட்டான், உங்க ஃப்ரெண்டு ரோட்டில் விழுந்து கிடக்கிறான், ஆம்புலன்ஸ் வர நேரமாகும், என்ன செய்வீங்க, செஞ்சு காட்டுங்க என்று. நான்கு பையன்கள் துள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். ஒருவன் படுத்தான். இருவர் அவனைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவன் பாட்டிலைத் திறந்து வாயில் தண்ணீர் ஊற்றினான். பிறகு இரண்டு நாற்காலியைப் பைக் மாதிரி போட்டு, முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், நடுவில் அடிபட்டவன். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கி ஆட, "பீம் பீம்" என்று ஹாரன் அடித்துக்கொண்டு ஓட்டினார்கள். ஹாலே சிரித்தது. தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த சிநேகிதனும் கைதட்டிச் சிரித்தான். நாங்களும் இப்படித்தான் என்பதுபோலத் தம்பியின் தோளைத் தட்டினான்.

தம்பி சிரிக்கவில்லை. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிநேகிதனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மேடையில் ஆடிக்கொண்டிருந்த அந்தத் தலையைப் பார்த்தான். தம்பியின் முகத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மெதுவாக நடந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். "ஆயம்மா, நிஜம் சொல்லுங்க. இது தப்பா? நாங்க இப்டிதானே கொண்டாந்தோம்?" என்று ரகசியமாகக் கேட்டான்.

வார்டில் நான் எத்தனையோ பேருக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். சரியாயிடும், நாளைக்குக் கால் அசையும், அம்மா வந்துக்கினே இருக்காங்க என்று. ஒரு பொய் சொல்ல எனக்குச் சத்தம்கூட வேண்டியதில்லை, தலையை ஆட்டினால் போதும். ஆனால் எதிரே முந்நூறு பிள்ளைகள் வண்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தப்புதாம்ப்பா" என்றேன். "அதனாலதான் கால் போச்சான்னு டாக்டருக்கே தெரியாது. ஆனா அப்டித் தூக்கக் கூடாது."

அவன் எழுந்தான். படி இறங்கி, பிள்ளைகளுக்கு நடுவே இருந்த வழியில் நடந்து, பின் கதவு வழியாக வெளியே போய்விட்டான்.

தம்பி அவன் போவதைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. அவன் ஆறு வருஷமாகப் பயந்தது இதற்குத்தான். ஆனால் மைக்கை எடுத்தான். விழுந்தவனை இழுக்காதீங்க. உட்கார வைக்காதீங்க. தண்ணி கொடுக்காதீங்க. ஹெல்மெட் மாட்டியிருந்தா பிடிச்சு இழுக்காதீங்க. வண்டி தீப்பிடிக்குதுன்னா வேற விஷயம், இல்லன்னா விழுந்த இடத்துலயே இருக்கட்டும். ஒருத்தர் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க, ரெண்டு பேர் வர்ற வண்டிகளை நிறுத்துங்க, ஒருத்தர் தலையை ஆடாமப் பிடிச்சுக்கிட்டு, பயப்படாத, அசையாதன்னு பேசிக்கிட்டே இருங்க. தூக்கறது ஆம்புலன்ஸ்காரங்க வேலை. அவங்க கூப்பிட்டா மட்டும் கை கொடுங்க. அது எப்படின்னு இப்ப ஆயம்மா காட்டுவாங்க என்றான்.

நான் தரையில் முட்டி போட்டு, படுத்திருந்த பையனின் தலையைப் பிடித்தேன். தோளுக்கு ஒரு மாணவன் வந்தான், காலுக்கு ஒரு மாணவி வந்தாள். "இடுப்புக்கு நல்ல பலமான ஆளா ஒருத்தர் வாங்க" என்று தம்பி கேட்டான். யாரும் எழுவதற்குள் ஹாலின் பின்னாலிருந்து குரல் வந்தது. "இடுப்பு என்னுது."

சிநேகிதன்தான். முகம் கழுவிய ஈரத்தில் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. விறுவிறுவென்று வந்து மேடையேறி, படுத்திருந்தவனின் இடுப்புக்கு நேரே முட்டி போட்டான். இரண்டு கையையும் எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன், வைத்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க ஆயம்மா" என்றான்.

தம்பி மைக்கை என் பக்கம் நீட்டினான். எனக்காக அவன் எண்ணுவான் என்று நினைத்தேன். எண்ணவில்லை. தலை என் கையில் இருந்தது. "ஒண்ணு" என்றேன். அந்தச் சத்தம் ஹாலின் கடைசிச் சுவரில் போய் இடித்துத் திரும்பியது. அது என் குரல்தானா என்று திகைத்தேன். "ரெண்டு. மூணு." நான்கு பேரின் கைகளும் ஒன்றாக நகர்ந்தன. பையன் ஒரே கட்டையாகத் திரும்பினான். பக்கத்தில் போட்டிருந்த பலகையில் படுக்கவைத்து, இரண்டு காதுக்கும் பக்கத்தில் பச்சைப் பைகளை வைத்தேன். யாரும் கைதட்டவில்லை.

சிநேகிதன் எழுந்து மைக்கை வாங்கினான். தெலுங்கில்தான் சொன்னான். "இவங்க நாலு பேரும் நடிச்சுக் காட்டினாங்களே பைக், அது நான் ஓட்டினேன். நடுவுல இருந்தது இவன். பத்து நிமிஷத்துல கொண்டுபோனேன்னு ஆறு வருஷமா ஊரெல்லாம் பெருமையாச் சொன்னேன்." மைக்கைத் தம்பியிடம் நீட்டினான். தம்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நூறு பேர் நின்னு வீடியோ எடுத்தாங்க. தொட்டது இவன் ஒருத்தன்தான். நீங்களும் தொடுங்க, ஆனா தெரிஞ்சு தொடுங்க" என்றான்.

திரும்பும்போது முதலில் என்னை வீட்டில் விட வந்தார்கள். குகட்பள்ளி தாண்டியதும் சிநேகிதன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். "அன்னைக்கு ரோட்ல கிடந்தப்போ உனக்குக் கால் இருந்துச்சா ரே?"

தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பிறகு, "சுட்டுச்சு ரே" என்றான்.

காரை ஓரம் கட்டிவிட்டு சிநேகிதன் இறங்கினான். பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றான். பானெட் கொதித்திருக்கும், கையை எடுக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது கண் சிவந்திருந்தது. "ஆறு வருஷம். கைக்கு சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்டியோன்னு."

"ஹௌலா" என்று திட்டினான். இந்த ஊரில் கிறுக்கனை அப்படித்தான் திட்டுவார்கள். "நான் வராம, உன் நாற்காலிய யாரு தூக்குவா, இந்த ஆயம்மாவா?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அந்தப் பழைய நாள் போலவே. கார் கிளம்பிய பிறகு அவன் சொன்னான். "இனிமே அத நான் சொல்றேன். கால் சுட்டத. நான் சொன்னாதான் பசங்க கேப்பானுங்க."

அப்படியே செய்கிறான். ஒவ்வொரு கல்லூரியிலும் முதலில் தம்பி பேசுவான், பிறகு அவன். டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொல்வான். "எதனால போச்சுன்னு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாமலே இருக்கப்போவுது. உங்களுக்கு அந்த நிலைமை வேணாம்" என்று முடிப்பான். மைக்கைக் கீழே வைத்ததும் தம்பியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்குவான். இவர்கள் இருவரையும் மேடையில் பார்க்கும்போது, எந்தப் பிள்ளையும் பெறாத எனக்கு, பெற்றவர்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஏன் அப்படி நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்பது புரிகிறது.

இதையெல்லாம் எழுதலாமா என்று இருவரையும் கேட்டேன். "தினமும் மேடையில சொல்றதுதானே, எழுதுங்க" என்றான் தம்பி. "என்னை ஹீரோவா எழுது ஆயம்மா" என்றான் மற்றவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் இவர்கள் பேச்சைக் கேட்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் அனுப்பிய குரல் செய்தியைத் தம்பி எனக்குப் போட்டுக் காட்டினான். அவர்கள் ஹாஸ்டல் வாசலில் சாப்பாடு கொண்டுவரும் ஒருவர் பைக்கோடு விழுந்துவிட்டாராம். கூட்டம் தூக்கப் போனதாம். இந்தப் பெண் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் தொடவிடவில்லையாம். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து பலகை போட்டபோது, "தலை என் கையில இருக்கு, நான்தான் எண்ணுவேன்" என்றாளாம். அவர்கள் சிரித்துவிட்டு, எண்ணு என்றார்களாம். அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார், நடக்கிறாரா, எனக்குத் தெரியாது. அவரை யாரும் மடக்கித் தூக்கவில்லை, அது தெரியும்.

எனக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டதால் எல்லா இடத்துக்கும் போக முடிவதில்லை. தலையைப் பிடிக்க அந்தக் கல்லூரிப் பெண்ணையே பழக்கிவிட்டார்கள். பைகளுக்கு மட்டும் ஆள் வரும். இன்று காலையிலும் சிநேகிதன் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வாசல் பையை ஒரு கையிலும் சமையலறைப் பையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு, "சாயங்காலம் வந்துரும் ஆயம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஸ்பாஞ்சுக் கட்டை வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு தரம் கேட்டதற்கு, இரண்டு பேரும் ஒரே குரலில் நக்கோ என்றார்கள்.

இதை எழுதும்போது கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. வாசல் கதவு ஒரு தரம் அடிக்கிறது, பின்கதவு அதற்குப் பதில் சொல்கிறது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னிக்கி இன்னாம்மா கதவு இப்டி அடிச்சுக்குது? செங்கல்லு எதனா தரட்டுமா?" என்று கேட்கிறாள்.

"வேணாம்மா" என்றேன். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "வேலைக்குப் போயிருக்கு. வந்துரும்."